மூளையை அரைத்து வடிகட்டியவர்: சாலமன் ஸ்னைடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் வகுப்பில் ஏற்பிகள் பாடம் வரும்போதெல்லாம் அமெரிக்க மூளை விஞ்ஞானி சாலமன் ஸ்னைடர் கதையைச் சொல்லிவிடுவேன். பாடம் முடிந்து கரும்பலகையைத் துடைப்பதற்குள் மூன்று பேர் மேசைக்கு வந்து நிற்பார்கள். வருஷம் மாறும், முகம் மாறும், கேள்வி மட்டும் மாறாது. ஒவ்வொரு முறையும் சொல்லி மாளவில்லை என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பாடநூல் 'ஏற்பி' என்று சொல்வதையும் பிள்ளைகள் 'ரிசெப்டார்' என்று சொல்வதையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிசெப்டார் ரிசெப்டார்னு எல்லாரும் சொல்றாங்க, அது உண்மையிலேயே ஒரு பொருளா, இல்ல சும்மா ஒரு கருத்தா?

பொருள்தான். செல்லின் மேல்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். வெளியிலிருந்து வரும் மூலக்கூறு அதில் பொருந்தி உட்கார்ந்தால் புரதம் லேசாக வளைகிறது, அந்த வளைவு செல்லுக்குள்ளே ஒரு வேலையைத் தொடங்கி வைக்கிறது. பூட்டும் சாவியும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருப்பார்கள். எனக்கு அந்த உவமையில் பாதிதான் சம்மதம். சாவி போட்டதும் உருவம் மாறுகிற பூட்டை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் 1905-இலேயே, நிக்கோட்டினும், தசையை முடக்கும் நஞ்சான கியூராரேயும் தசையில் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, அங்கே மருந்தை 'ஏற்கும் பொருள்' ஏதோ இருக்க வேண்டும் என்று எழுதினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், பெரும்பாலான மருந்துகளுக்கு ரிசெப்டார் என்பது காகிதத்தில் போடும் ஒரு வளைவுக்கோடாகத்தான் இருந்தது. மூளையில் அதைத் தொட்டு எண்ணக்கூடிய பொருளாக்கியவர்களில் முக்கியமான ஒருவர் ஸ்னைடர்.

ஸ்னைடர் டாக்டரா, விஞ்ஞானியா?

இரண்டும். 1938-இல் வாஷிங்டனில் பிறந்தார். இளம் வயதில் கிளாசிக்கல் கிட்டாரில் பெரிய ஈடுபாடு. மனநல மருத்துவராக வேண்டும் என்பதற்காகவே மருத்துவம் படித்தார், 1962-இல் ஜார்ஜ்டவுனில் எம்.டி. முடித்தார். அன்றைக்கு அமெரிக்காவில் டாக்டர்களையும் ராணுவத்துக்கு இழுப்பார்கள். தேசிய சுகாதார நிறுவனத்தில் (என்ஐஎச்) இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்தால் அது ராணுவச் சேவைக்கு ஈடு. அந்தக் காலத்தில் பல இளம் டாக்டர்கள் ஆய்வகத்துக்குள் வந்து சேர்ந்த வழி இதுதான்.

ஸ்னைடர் 1963-இல் அங்கே ஜூலியஸ் ஆக்செல்ராடிடம் சேர்ந்தார். ஆக்செல்ராட் ஒரு தனி ரகம். ஆய்வக உதவியாளராகத் தொடங்கி, நாற்பதைத் தாண்டிய பிறகு பிஎச்டி வாங்கி, 1970-இல் நோபலும் வாங்கியவர். பெரிய கருவிகள் இல்லாமல், சின்னதாக, சீக்கிரம் பதில் கிடைக்கிற மாதிரி சோதனை வைப்பது அவருடைய பாணி. அதைத்தான் ஸ்னைடர் கற்றுக்கொண்டார். அப்புறம் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மனநலப் பயிற்சி, கூடவே மருந்தியல் துறையில் வேலை. 31 வயதில் முழுப் பேராசிரியர்.

மார்ஃபின் எவ்வளவு பழைய மருந்து! அதோட ரிசெப்டாரை 1973 வரைக்கும் ஏன் யாரும் கண்டுபிடிக்கல?

அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்து எடுத்தது 1800-களின் தொடக்கத்தில். அதற்கான ரிசெப்டார் இருக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகவே சந்தேகித்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மார்ஃபின் எதில் போட்டாலும் ஒட்டும். கொழுப்பில் ஒட்டும், மற்ற புரதங்களில் ஒட்டும், கண்ணாடிக் குழாயில்கூட ஒட்டும். ஒட்டியதில் எது ரிசெப்டார், எது வெறும் குப்பை என்று தெரியாது.

வகுப்பில் இதற்கு நான் காந்தத்தைத்தான் சொல்வேன். சின்ன வயதில் காந்தத்தை ஈர மணலில் புரட்டி இரும்புத்தூள் சேர்த்திருப்பீர்கள். எடுத்துப் பார்த்தால் காந்தம் முழுக்க ஏதோ ஒட்டியிருக்கும். அதில் கொஞ்சம்தான் இரும்பு, மீதியெல்லாம் ஈரத்தால் ஒட்டிய மணல். ஒரு முறை தண்ணீரில் அலசினால் மணல் போய்விடும், இரும்பு நிற்கும். போட்டுத் தேய்த்தால் இரும்பும் போய்விடும்.

ஸ்டான்ஃபோர்டில் அவ்ரம் கோல்ட்ஸ்டைன் 1971-இல் சரியான வழியைக் காட்டினார். ஆனால் எலி மூளையில் அவர் பார்த்த ஒட்டுதலில் 2 சதவீதம்தான் உண்மையானது மாதிரி தெரிந்தது. ஒட்டியதை எண்ணுவதற்காக மருந்தில் கதிரியக்கம் ஏற்றியிருப்பார்கள், அவர் கையில் இருந்த மருந்தில் அது குறைவு. அதனால் நிறைய மருந்து ஊற்ற வேண்டியிருந்தது, ஊற்றிய மருந்து மணலில்தான் போய் ஒட்டியது.

அப்ப ஸ்னைடர் லேப்ல என்னதான் செஞ்சாங்க? மூளையை மிக்ஸியில அரைச்சாங்கன்னு ஒரு சீனியர் சொன்னார்.

சீனியர் சொன்னது ஏறக்குறைய சரி. கையில் பிடித்து வேலை செய்தவர் கேண்டஸ் பெர்ட், அப்போது ஸ்னைடரிடம் பிஎச்டி செய்துகொண்டிருந்த மாணவி. எலி மூளையை எடுத்து, குளிர்ந்த கரைசலில் சட்னி மாதிரி அரைத்துக்கொண்டார்கள். அதில் கதிரியக்க ஹைட்ரஜன், அதாவது ட்ரிடியம், ஏற்றிய மருந்தை மிகக் கொஞ்சமாக விட்டார்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கண்ணாடி இழை வடிதாளில் ஊற்றிக் கீழேயிருந்து உறிஞ்சி, குளிர்ந்த கரைசலால் சட்டென்று அலசினார்கள். வடிதாளில் தங்கியதைக் கதிரியக்கம் எண்ணும் கருவியில் போட்டார்கள். அவ்வளவுதான் சோதனை. துறைக்குள் இதற்கு 'அரை, ஒட்டு' என்பதுபோல ஒரு கேலிப்பெயரே உண்டு.

இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. முதலாவது, அலசும் வேகம். அதே ஹாப்கின்ஸில் பெட்ரோ க்வாட்ரகாசாஸ் இன்சுலின் ரிசெப்டாரை இந்த மாதிரி வடிகட்டித்தான் பிடித்திருந்தார். மெதுவாக அலசினால் இரும்பும் கழன்றுவிடும். இரண்டாவது, எந்த மருந்தை விடுவது என்பது. முதலில் மார்ஃபினின் நெருங்கிய உறவான டைஹைட்ரோமார்ஃபினைப் போட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோன் என்ற எதிர்மருந்தில் ட்ரிடியம் ஏற்றிப் போட்டார்கள். 1972 இலையுதிர் காலத்தில் எண்கள் தெளிவாக வந்தன, 1973 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. பெர்ட் முதல் பெயர், ஸ்னைடர் இரண்டாவது.

பணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஹெராயினுக்கு அடிமையாகிறார்கள் என்று நிக்சன் அரசு 1971-இல் பதறிப்போய்ப் போதை ஆராய்ச்சிக்கு நிதியைத் திறந்துவிட்டது. அதில் ஒரு பங்கு இந்த ஆய்வகத்துக்கும் வந்தது.

அது ரிசெப்டார்லதான் ஒட்டுச்சுன்னு எப்படி நம்பறது? வேற புரதமா இருக்கக் கூடாதா?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. கேட்ட பிள்ளை கடைசி பெஞ்ச்.

முதல் ஆதாரம் கைப்பக்கம். லெவார்ஃபனால், டெக்ஸ்ட்ரார்ஃபன் என்று இரண்டு மருந்துகள். ஒரே அணுக்கள், ஒரே எடை, ஆனால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். லெவார்ஃபனால் வலியை அடக்கும், மற்றது மார்ஃபின் மாதிரி வேலை செய்யாது. மணலுக்கு வலது இடது தெரியாது, இரண்டும் ஒரே அளவுதான் ஒட்டும். ரிசெப்டார் செருப்பு மாதிரி. இடது கால் செருப்பில் வலது காலை நுழைத்துப் பாருங்கள். ஒட்டியிருந்த நாலாக்சோனை வெளியே தள்ள, லெவார்ஃபனாலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு டெக்ஸ்ட்ரார்ஃபன் தேவைப்பட்டது. கோல்ட்ஸ்டைன் காட்டிய வழி என்று மேலே சொன்னேனே, அது இந்தச் சோதனைதான்.

இரண்டாவது, வரிசை. உடம்பில் வலிமையான மருந்து குழாயிலும் வலிமையாக ஒட்டியது, பலவீனமானது பலவீனமாக ஒட்டியது. இதில் கோடீன் மட்டும் வம்பு செய்தது. இருமல் மருந்தில் வருகிற அதே கோடீன்தான். உடம்பில் நன்றாக வேலை செய்கிற மருந்து, குழாயில் ஒட்டவே மாட்டேன் என்றது. யோசித்துப் பார்த்தால் அதுவே இன்னும் நல்ல ஆதாரம். கோடீன் தானாக வேலை செய்வதில்லை. கல்லீரல் அதில் ஒரு பங்கை மார்ஃபினாக மாற்றுகிறது, குழாயில் கல்லீரல் கிடையாது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே சரியாக இல்லாதவர்களுக்குக் கோடீன் கொடுத்தால் வலி குறையாது.

அதே 1973-இல் நியூயார்க்கில் எரிக் சைமனும், ஸ்வீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். மூன்று ஊரில் மூன்று பேர் அலசியும் இரும்பு நின்றது.

சார், கசகசாவும் அபினும் ஒரே செடியாமே? அப்ப குருமா சாப்பிட்டா ரிசெப்டார்ல ஒட்டுமா?

ஒரே செடிதான். அபின் என்பது பழுக்காத காயைக் கீறினால் வடிகிற பால். கசகசா அந்தக் காய்க்குள் இருக்கும் விதை. விதையில் மார்ஃபின் இல்லை என்றே சொல்லலாம், மேலே பட்ட பாலின் மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். குருமாவில் போடும் இரண்டு ஸ்பூனால் தலை சுற்றாது. ஆனால் நிறையச் சாப்பிட்டால் சிறுநீர்ச் சோதனையில் மார்ஃபின் தெரிய வாய்ப்புண்டு. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்காதீர்கள் என்று சொல்வது வதந்தி இல்லை, அங்கே அது சட்டச் சிக்கல்.

செடியில இருக்கிற பொருளுக்கு நம்ம மூளையில எதுக்கு இடம் ஒதுக்கி வச்சிருக்கு?

1973-இல் எல்லோரும் கேட்ட அடுத்த கேள்வி இதுதான். பரிணாமத்தில் மிகப் பழைய, தாடையே இல்லாத மீனின் மூளையில்கூட இந்த ரிசெப்டார் இருப்பதை ஸ்னைடர் குழு பார்த்தது. அந்த மீன் எந்தக் காலத்தில் கசகசாத் தோட்டத்துக்குப் போயிற்று? உடம்புக்குள்ளேயே இதற்கான சரக்கு தயாராக வேண்டும்.

1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் அதைப் பிடித்தார்கள். கசாப்புக் கூடத்திலிருந்து வாங்கி வந்த பன்றி மூளைகளிலிருந்து, ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட எங்கெஃபலின்களைப் பிரித்தார்கள். ஸ்னைடர் ஆய்வகமும் அதே பந்தயத்தில்தான் ஓடியது, முந்தியது அபர்டீன். எண்டார்ஃபின் என்பது இந்த வகைப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த பெயர்.

வலிக்குக் கொடுக்கிற மருந்து ஏன் மலச்சிக்கல் உண்டாக்குது, மூச்சையும் ஏன் அடக்குது?

ரிசெப்டார் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மருந்து போய் உட்காரும். மைக்கேல் குஹாரோடு சேர்ந்து ஸ்னைடர் குழு மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிரியக்க மருந்து எங்கே தங்குகிறது என்று படமெடுத்தது. தண்டுவடத்தில் வலிச் செய்தி நுழையும் இடம், நடுமூளையில் வலியை அடக்கும் பகுதி, உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா, மூச்சையும் இருமலையும் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு. அந்தப் படத்தைப் பார்த்தாலே மார்ஃபினின் பக்கவிளைவுப் பட்டியலை எழுதிவிடலாம்.

குடலின் நரம்புகளிலும் இது உண்டு. 1973 கட்டுரையிலேயே கினிப்பன்றிக் குடலையும் சோதித்திருந்தார்கள். வயிற்றுப்போக்குக்கு வாங்கிப் போடும் லோபராமைடு மாத்திரை இதே குடும்பம்தான். சாதாரண அளவில் மூளைக்குள் நுழையாததால் போதை இல்லாமல் குடலை மட்டும் நிறுத்துகிறது.

நாலாக்சோனும் அதே ரிசெப்டார்லதான் உட்காருது. அப்ப அதுவும் போதை தரணுமே?

உட்காருவது வேறு, வேலையைத் தொடங்கி வைப்பது வேறு. முதல் பதிலில் 'வளைவு' என்றேன் அல்லவா, நாலாக்சோன் அந்த வளைவைத் தராமல் நாற்காலியை மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஹெராயின் அதிகமாகி மூச்சு நின்றுகொண்டிருப்பவருக்குக் கொடுத்தால், ஹெராயினைத் தள்ளிவிட்டு இது உட்காரும். சில நிமிஷங்களில் மூச்சு திரும்பும். அமெரிக்காவில் 2023-இலிருந்து இதன் மூக்கு ஸ்ப்ரேயைச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம்.

இந்த இரண்டு வகையைக் குழாயிலேயே பிரித்துக் காட்டியதும் இதே ஆய்வகம். காவ்ரில் பாஸ்டர்நாக் என்ற மாணவரும் பெர்ட்டும், அரைத்த மூளையில் சோடியம் சேர்த்துப் பார்த்தார்கள். சாதாரண உப்பில் இருக்கும் அதே சோடியம். மார்ஃபின் வகை ஒட்டுவது குறைந்தது, நாலாக்சோன் வகை குறையவில்லை. புது மருந்து கிடைத்தால் அது எந்தக் கட்சி என்று சொல்ல, கொஞ்சம் சோடியம் போதும் என்றாயிற்று.

டோபமைன் சந்தோஷ ஹார்மோன்தானே? மனநோய்க்கு அதை ஏன் தடுக்கறாங்க?

'சந்தோஷ ஹார்மோன்' என்ற சொல்லை எந்த வீடியோவில் பார்த்தீர்களோ அங்கேயே விட்டுவிடுங்கள். டோபமைன் நரம்புசெல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் மூலக்கூறு. அதற்கு மூளையில் பல வேலைகள், அசைவைக் கட்டுப்படுத்துவதும் அதில் ஒன்று.

மனச்சிதைவுக்குக் குளோர்ப்ரோமசின் 1952-இலேயே வந்துவிட்டது. எப்படி வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஸ்னைடர், இயன் க்ரீஸ், டேவிட் பர்ட் மூவரும் மேலே சொன்ன அதே அரைத்து வடிகட்டும் வேலையை டோபமைன் ரிசெப்டாருக்குச் செய்தார்கள். டொரான்டோவில் ஃபிலிப் சீமன் தனியாகச் செய்தார். 1976-இல் இரண்டு குழுவும் சொன்னது ஒன்றே: மனச்சிதைவு மருந்து எவ்வளவு இறுக்கமாக டோபமைன் ரிசெப்டாரில் ஒட்டுகிறதோ, அவ்வளவு குறைந்த டோஸ் போதும். ஹாலோபெரிடால் சில மில்லிகிராம், குளோர்ப்ரோமசின் சில நூறு மில்லிகிராம் என்று டாக்டர்கள் அனுபவத்தில் கண்டதற்குக் காரணம் குழாயில் கிடைத்தது. நோய்க்கே காரணம் டோபமைன் என்று இதிலிருந்து தாவக் கூடாது. மருந்து எங்கே வேலை செய்கிறது என்பதுதான் நிரூபணமானது.

அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குக் கை நடுங்குதே?

அசைவைக் கவனிக்கும் பகுதியிலும் டோபமைன் தடைபடுவதால். அங்கே டோபமைனும், அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு செய்தி மூலக்கூறும் தராசின் இரண்டு தட்டு மாதிரி. அசிட்டைல்கோலினையும் சேர்த்துத் தடுக்கும் மனநோய் மருந்துகளுக்கு நடுக்கம் குறைவு என்று ஸ்னைடர் குழு 1974-இல் காட்டியது. நடுக்கத்துக்கு டாக்டர் கூடவே அசிட்டைல்கோலினைத் தடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில் எழுதுவதும் இதே கணக்குத்தான். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், எழுதியவரிடமே கேளுங்கள்.

ஒரே டெக்னிக்கை வச்சுக்கிட்டு வாழ்நாள் முழுக்க ஓட்டிட்டாரா?

அப்படிச் சொல்பவர்கள் அங்கேயும் இருந்தார்கள். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது, ஏனென்றால் 1990-இல் அவர் போய் நின்றது ரிசெப்டார் விதிகளே செல்லாத ஓர் இடம். நைட்ரிக் ஆக்சைடு, செல்லுக்குச் செல் செய்தி சொல்லும் ஒரு வாயு. மற்ற செய்தி மூலக்கூறுகள் மாதிரி அதைச் செல்லுக்குள் பையில் அடைத்து வைக்க முடியாது, சவ்வில் அதற்கு நாற்காலியும் கிடையாது. உண்டான உடனே பக்கத்துச் செல்லுக்குள் ஊடுருவி அங்குள்ள நொதியைத் தூண்டிவிடும்.

அதை மூளையில் தயாரிக்கும் நொதியைப் பிரிக்க டேவிட் ப்ரெட் என்ற மாணவர் உட்கார்ந்தார். சுத்தம் செய்யச் செய்ய நொதி செத்துப்போயிற்று. ஏதோ ஒரு துணை கழுவிக்கொண்டு போகிறது என்று ஊகித்து, கால்மோடுலின் என்ற புரதத்தைத் திரும்பச் சேர்த்ததும் உயிர் வந்தது. 1990-இல் நொதி கைக்கு வந்தது, அடுத்த வருஷமே அதன் மரபணுவும். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் ரத்தக் குழாயில் கொடுப்பது இதே வாயுவைத்தான். ஸ்னைடர் பார்த்தது மூளைப் பக்கம்.

கண்டுபிடிச்சது பெர்ட், பேர் வாங்கினது ஸ்னைடரா?

1978-இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருது ஸ்னைடர், ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் போனது. பெர்ட் பெயர் இல்லை. அவர் சும்மா இருக்கவில்லை, எதிர்ப்பை வெளிப்படையாகத் தெரிவித்தார், செய்தியாகவும் வந்தது. ஆய்வகத்தில் கையால் உழைத்த மாணவிக்கு என்ன இடம் என்று அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. பெர்ட் 2013-இல் காலமானார்.

ஸ்னைடர் பக்கம் சொல்லப்படுவது: கேள்வியைத் தேர்ந்ததும் நிதி கொண்டுவந்ததும் முறையைக் கட்டியதும் ஆய்வகத் தலைவர். உண்மைதான். ஆனால் பெர்ட் முதல் ஆசிரியர், நாலாக்சோன் சோதனையைச் செய்த கை அவருடையது. விருதில் மூன்று பேருக்கு இடம் இருந்தபோது நான்காவதாக ஒரு நாற்காலி போட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். வகுப்பில் நான் எப்போதும் 'பெர்ட்டும் ஸ்னைடரும்' என்றே சொல்கிறேன், கட்டுரையில் இருக்கிற வரிசையில்.

அவருக்கு ஏன் நோபல் கிடைக்கல?

அபின் ரிசெப்டாருக்காக யாருக்குமே கிடைக்கவில்லை. மேலே பார்த்தீர்களே, மூன்று ஊரில் மூன்று குழு, அது போக பெர்ட், கோல்ட்ஸ்டைன். ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது நோபல் விதி. நைட்ரிக் ஆக்சைடுக்கு 1998-இல் கொடுத்தபோது ரத்தக் குழாய் வேலை செய்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவரோடு இடம் நிரம்பிவிட்டது. ஹாப்கின்ஸில் 1980-இல் நரம்பியல் துறையைத் தொடங்கி 2006 வரை ஸ்னைடர் தலைமை வகித்தார். இன்று அந்தத் துறைக்கே அவர் பெயர்.

பார்மசி படிக்கிறேன். இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு எம்பிபிஎஸ் இருந்தாதான் போக முடியுமா?

இல்லை. பெர்ட் டாக்டர் இல்லை, ஆக்செல்ராட் டாக்டர் இல்லை. மருந்தியலோ உயிர்வேதியியலோ முதுகலை முடித்து பிஎச்டிக்குப் போகலாம்.

ரிசெப்டார் கிடைச்சு அம்பது வருஷம் ஆச்சு. அடிமையாக்காத வலி மருந்து ஏன் இன்னும் வரல?

ஏனென்றால் வலியை அடக்குவதும், சுகம் தருவதும், மூச்சை அமுக்குவதும் பெரும்பாலும் ஒரே ரிசெப்டார். மியூ என்று பெயர். அதன் மரபணு 1993-இல் கிடைத்தது, அணு அணுவான படம் 2012-இல் வந்தது. எங்கே பொருந்துகிறது என்று துல்லியமாகத் தெரிந்த பிறகும், வளைவில் நல்ல பாதியை மட்டும் எடுத்துக் கெட்ட பாதியை விடும் மருந்து எதிர்பார்த்தபடி அமையவில்லை. அந்த வழியில் செய்த ஒலிசெரிடின் 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் அதற்கும் மார்ஃபின் வகைக்கான எச்சரிக்கைகள் எல்லாம் உண்டு.

2025 ஜனவரியில் அங்கே அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் வேறு பாதை. அது மூளையில் எந்த நாற்காலியையும் தேடுவதில்லை. வலியைச் சுமந்து வரும் நரம்பிலேயே உள்ள ஒரு சோடியம் வாயிலை அடைத்துவிடுகிறது. இப்போதைக்குத் திடீரென வரும் மிதமான, கடுமையான வலிக்கு மட்டும்தான் அனுமதி.